பாஸ்தாவை விலக்க வேண்டுமா?

சிறுநீரக நோயாளிக்கான உணவுப் பட்டியலைப் பெற்றுச் சென்றபின், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாஸ்தா சமைக்கும் நாளில் தமக்கென்று தனியே ஏதேனும் வைத்துக்கொள்பவர்களையும், அச்சத்தால் அரைவயிறு உண்பவர்களையும் எங்கள் உணவியல் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு உடல் மெலிவது பெருங்கேடு. பாஸ்தாவைப் பொறுத்தவரை இவ்வச்சம் தேவையற்றது.

உப்பின்றி வேகவைத்த சாதாரணக் கோதுமைப் பாஸ்தா ஒரு கோப்பையில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் பொட்டாசியமும் 80 மில்லிகிராம் பாஸ்பரஸும் உள்ளன. வெள்ளைச் சோற்றிலும் ஏறக்குறைய இவ்வளவே. புரதம் மட்டும் சோற்றைப்போல் இருமடங்கு, அதாவது சுமார் 8 கிராம். டயாலிசிஸ் தொடங்காதவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கவனம் வேண்டியது பாஸ்தாவோடு சேர்வனவற்றில்தான். முதலாவது தக்காளி. சாஸுக்காகச் சுண்டக் காய்ச்சும்போது நீர் வற்றுமேயன்றிப் பொட்டாசியம் வற்றாது. மூன்று, நான்கு பழங்கள் ஒரு சிறு கிண்ணத்துள் அடங்கிவிடும். 100 கிராம் பழத்திலேயே சுமார் 240 மில்லிகிராம் உள்ளது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். சில வேளைகளில் முன்னறிகுறி எதுவும் தோன்றாது. தக்காளியின்றியும் பாஸ்தா சமைக்கலாம். எண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் வதக்கிப் பாஸ்தாவைப் புரட்டி எடுப்பது இத்தாலியரின் பழகிய முறை. தாளிப்பு அறிந்த நம் சமையற்கட்டுக்கு அது புதிதன்று. வெங்காயம், முட்டைக்கோஸ், சிறிது குடைமிளகாய் சேர்த்து எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் போதும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருள் சிலருக்குப் பொட்டாசியம் குறைந்தே இருக்கும். அவர்களுக்குத் தக்காளி விலக்கன்று. அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டிக் கேட்டறிக.

அடுத்தது பாலாடைக்கட்டி. தகடாகவும் கட்டியாகவும் விற்கும் பதப்படுத்திய சீஸில் பெரும்பாலும் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. தானியத்தில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவே உடலில் சேரும். சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் சேரும். ஓயாத அரிப்பு, எலும்பு நலிவு, இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புப் படிவு ஆகியன அதன் விளைவுகள். உறையின் பின்புறம் 339, 450, 452 போன்ற எண்கள் இருந்தால் அதை வாங்க வேண்டாம். முழுக்கோதுமைப் பாஸ்தாவில் பாஸ்பரஸ் சற்று மிகுதி எனினும் அது இயல்பானது. சர்க்கரை நோயும் உள்ளவர்கள் அதை அறவே ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை.

பாஸ்தாவை மிகுந்த நீரில் உப்பிடாமல் வேகவைத்து நன்கு வடிக்கவும். நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் பாஸ்தா சூப்பையும் அன்றைய நீரளவில் சேர்த்தே எண்ண வேண்டும். உறையோடு வரும் மசாலாப் பொட்டலத்தில் உப்பு மிகுதி. அதைப் பிரிக்காமலே விட்டுவிடலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை அதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். அதில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியமே.