குதிரையின் காலில் கட்டியா?

குதிரை வளர்ப்போருக்கு ஒரு தகவல். முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே உட்புறமாகக் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு புடைப்பு தெரிகிறதா? அழுத்தித் தேய்க்காதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்து, தொட்டதும் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அது புதுக் காயம். சவாரியை நிறுத்துங்கள். தினமும் இரண்டு மூன்று முறை, 15 முதல் 20 நிமிடம் குளிர்ந்த நீரை அதன்மேல் ஓடவிடுங்கள். வலி மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுங்கள்.

சூடும் வலியும் அடங்கியபின் எஞ்சும் கட்டி பெரும்பாலும் எலும்பாக இறுகிய தழும்புதான். மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். முழுதும் மறையாவிட்டாலும் பொதுவாக ஓட்டத்துக்குத் தடையில்லை. நொண்டல் நீடித்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். உள்ளே மெல்லிய எலும்பு முறிந்திருக்கலாம். வாயில்லா ஜீவன் அது. அதன் கால்களைத் தினமும் தொட்டுப் பாருங்கள்.