கைநாட்டும் பாங்கிக் கணக்கும்

நிலம் விற்பவரும் வாங்குபவரும் பத்திரத்தில் விரல் ரேகை பதிப்பது இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். கையெழுத்தைப் போலி செய்ய இயலும், ரேகையைப் போலி செய்ய இயலாது என்னும் நம்பிக்கையே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. அந்த நம்பிக்கைக்கு அண்மைக் காலத்தில் பங்கம் நேர்ந்திருக்கிறது. பத்திரத்தில் பதிந்த ரேகையைக் கொண்டே, அதற்குரியவர் அறியாமல் அவருடைய பாங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த குற்றங்கள் பல இடங்களில் வெளிப்பட்டுள்ளன. நிலமுடையவர்களுள் பலர் எப்போதாவது ஒரு பத்திரத்தில் ரேகை பதித்தவர்களே. ஆதலால் இவ்விஷயம் மற்றவர்களைக் காட்டிலும் குடியானவர்களுக்கு நெருங்கியதாகும்.

வழக்கம் தோன்றிய வரலாறு.— 1858ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஹெர்ஷெல் என்பவர், சாலைக்குரிய சரளை விநியோகிக்க ஒப்புக்கொண்ட ஒருவரைக் கொண்டு ஒப்பந்தத்தின் பின்புறத்தில் உள்ளங்கை அடையாளத்தைப் பதிப்பித்தார். பின்னர் அவர் அதை மறுக்கக்கூடாது என்பதே நோக்கம். 1877இல் ஹூக்ளி ஜில்லாவில் பத்திரப் பதிவுக்கும் பென்ஷன் பட்டுவாடாவுக்கும் விரல் ரேகை வாங்கும் முறையை அவரே ஏற்படுத்தினார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் நிறுவப்பெற்றது. உலகத்தில் இவ்வகை நிலையங்களில் அதுவே முதலாவது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் 2001இல் 32-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டபின், பத்திரத்தில் புகைப்படம் ஒட்டுவதும் ரேகை பதிப்பதும் கட்டாயமாயின.

இம்முறையில் ரேகை ஒரு சாட்சி மாத்திரமே. சார்பதிவாளர் முன்னிலையில், சாட்சிகள் பார்த்திருக்க, உரியவர் தம் விரலை மையில் தோய்த்துப் பதிக்கிறார். பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் நிபுணர் அதனை ஒப்பிட்டு உண்மை காண்கிறார். ரேகையின் பிரதி வேறொருவர் கையில் கிடைத்தாலும் அதனால் அவருக்கு ஒரு பயனும் இருந்ததில்லை.

ஆதார் வழிப் பணப் பட்டுவாடா.— முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் ஜில்லாவிலுள்ள தெம்ப்ளி கிராமத்தில் வழங்கப்பெற்றது. அதன்பின் ஆதாரைப் பாங்கிக் கணக்குடன் இணைத்து, விரலை வைத்துப் பணம் பெறும் முறை ஏற்படுத்தப்பட்டது. இதனை ஏ.இ.பி.எஸ். என்று சுருக்கி வழங்குவர். கிராமத்தில் பாங்கியின் முகவராக இருப்பவர் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்திருப்பார். பணம் வேண்டுவோர் பாங்கியின் பெயரையும் 12 இலக்க ஆதார் எண்ணையும் கூறி, விரலை இயந்திரத்தில் வைக்கவேண்டும். ரேகை ஆதார் ஆணையத்திற்குச் சென்று ஒப்பிடப்படும். ஒத்திருந்தால் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டு முகவர் கையால் வழங்கப்படும். ஒரு தடவையில் எடுக்கக்கூடிய தொகைக்கு ரூ. 10,000 என்று உச்சவரம்பு உண்டு.

இம்முறையால் விளைந்த நன்மை சிறிதன்று. பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் ரூ. 6,000, முதியோர் உதவித்தொகை, வேலை உறுதித் திட்டக் கூலி ஆகியவற்றைப் பெறுவதற்குப் பத்து மைல் தூரத்திலுள்ள பாங்கிக்குப் போய் ஒருநாள் வேலையை இழக்கவேண்டிய கஷ்டம் நீங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது உதவுகிறது. ஆனால் இதில் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. ஏ.டி.எம். அட்டைக்கும் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்திற்கும் ரகசிய எண் வேண்டும். இதற்கு அவ்வித ரகசிய எண்ணும் வேண்டுவதில்லை. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டுவதில்லை. ரேகையே திறவுகோல். சாட்சியாக இருந்த ரேகை இங்கே சாவியாக மாறிவிட்டது. ரகசிய எண் வெளிப்பட்டால் அதனை மாற்றிவிடலாம். விரலை மாற்ற வழியில்லை.

மோசடி நிகழும் விதம்.— ஒரு கிரயப் பத்திரத்தில் உரியவரின் பெயர், விலாசம், ரேகை ஆகியன இருக்கும். அடையாளச் சான்றாக ஆதார் எண்ணும் பல பத்திரங்களில் காணப்படும். ஆக, மேற்படி இயந்திரத்திற்கு வேண்டியவற்றுள் பாங்கியின் பெயர் தவிர மற்றெல்லாம் ஒரே காகிதத்தில் அமைந்துவிடுகின்றன. பாங்கியின் பெயரை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் கண்டுகொள்கின்றனர். பத்திரத்தின் பிரதியிலுள்ள ரேகையை ரப்பர் போன்ற பொருளில் அச்செடுத்து, விரலுக்குப் பதிலாக இயந்திரத்தில் வைக்கின்றனர்.

2018இல் தெலுங்கானாவில் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை எடுத்து, அவற்றிலிருந்த ரேகைகளுக்கு அச்சுச் செய்து, அவற்றைக் கொண்டு பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் அட்டைகள் செயல்படுத்தப்பட்டதைப் போலீஸார் கண்டுபிடித்தனர். 2023இல் கர்நாடகத்தில் பதிவுத் துறை ஆவணங்களிலிருந்து எடுத்த ரேகைகளால் பாங்கிக் கணக்குகளில் பணம் எடுக்கப்பட்டது தெரியவந்து, குற்றஞ்சாட்டப்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அதன்பின் இணையதளத்தில் கிடைக்கும் பத்திரப் பிரதிகளில் ரேகையை மறைக்க அம்மாநில அரசாங்கம் நடவடிக்கை எடுத்தது. 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையமும், வைக்கப்படுவது உயிருள்ள விரலா, அச்சா என்று சோதிக்கும் புதிய முறையை அமலுக்குக் கொண்டுவந்தது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே. எனினும் முன்னரே வெளியே சென்றுவிட்ட பிரதிகளைத் திரும்பப் பெற இயலாது. ஆகையால் கணக்குடையவரின் ஜாக்கிரதை இன்னும் அவசியமாகவே இருக்கிறது.

முகவரின் கடையில் நேரும் ஏமாற்று.— ரேகை அச்சு இல்லாமலே நடைபெறும் மோசடியும் உண்டு. விரலை ஒருமுறை வைத்தபின், “ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள்” என்று முகவர் கூறுவார். உண்மையில் முதல் தடவையிலேயே பணம் கழிந்திருக்கும். இரண்டு தடவை கழிந்த தொகையில் ஒன்றே கணக்குடையவர் கைக்கு வரும். இருப்புத் தொகை பார்ப்பதாகக் கூறிவிட்டுப் பணம் எடுத்துக்கொள்வதும் உண்டு. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாமற்போவது இயல்பாதலால், குடியானவர் இதனைச் சந்தேகிப்பதில்லை. விரலை மறுபடி வைக்குமுன் முதல் முயற்சிக்குரிய ரசீதைக் கேட்டு வாங்கவேண்டும். முயற்சி தோற்றாலும் இயந்திரத்திலிருந்து அதற்குரிய ரசீது பெற இயலும். ரசீது தர மறுக்கும் முகவரிடம் விரல் வைக்காதிருப்பதே நலம். முகவர்களைச் சோதித்து நியமிப்பதையும், மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்யாதவரை மறுபடி சோதிப்பதையும் பற்றி ரிசர்வ் பாங்கி 2025 ஜூன் மாதத்தில் பிறப்பித்த உத்தரவு 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

ரேகையைப் பூட்டுதல்.— இம்மோசடிக்குச் சிறந்த தடை, ஆதாரிலுள்ள ரேகையைப் பூட்டிவைப்பதாகும். ஆதார் ஆணையத்தின் கைப்பேசிச் செயலி மூலமாகவோ இணையதளத்தின் மூலமாகவோ கட்டணமின்றி இதனைச் செய்துகொள்ளலாம். பூட்டியபின் உரியவரே தம் விரலை வைத்தாலும் இயந்திரம் ஏற்காது. அச்சு வைத்தால் ஏற்காது என்பது சொல்லவேண்டுவதில்லை. தேவைப்படும்போது சிறிது நேரத்திற்கு மாத்திரம் திறந்துகொள்ளலாம். ஆதாருடன் பதிவான கைப்பேசி எண் நடப்பில் இருப்பது இதற்கு இன்றியமையாதது. எண் மாறியிருந்தால் ஆதார் சேவை மையத்தில் முதலில் அதனைத் திருத்திக்கொள்ளவேண்டும். விவரங்களை 1947 என்னும் எண்ணில் விசாரிக்கலாம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பூட்டு போட்டால் விரல் ரேகையோடு கண் விழி, முகம் ஆகியவற்றின் சோதனையும் நின்றுவிடும். ஆகவே நியாய விலைக் கடைக்கோ, உதவித்தொகை வாங்கவோ செல்லுமுன் மறவாது திறக்கவேண்டும். கைப்பேசியை நன்கு கையாளத் தெரியாத முதியவர்களுக்கு இது பாரமாகலாம். மாதந்தோறும் விரல் வைத்தே உதவித்தொகை பெறுபவருக்குப் பூட்டைக் காட்டிலும் அடுத்துக் கூறப்படும் ஏற்பாடுகளே பொருந்தும். ஆண்டில் இரண்டொரு தடவையே ரேகை வைக்கும் நிலச்சுவான்தார்களும் மற்றவர்களும் பூட்டிவைப்பதே உத்தமம்.

பாங்கியில் செய்துகொள்ள வேண்டியவை.— (1) கணக்குடன் கைப்பேசி எண்ணை இணைத்து, பணம் கழியுந்தோறும் குறுஞ்செய்தி வரும்படி செய்தல். செய்தியைப் படிக்க இயலாதவர் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டு அன்றன்றே படித்தறிதல். (2) ரேகை மூலம் பணம் எடுப்பது தமக்கு வேண்டாமெனில், கணக்கில் அவ்வசதியை நிறுத்த இயலுமா என்று கிளையில் விசாரித்து எழுத்து மூலம் கோருதல். (3) நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து வரும் தொகையைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைக்காமல், செலவுக்கு வேண்டியது போக மீதியை நிரந்தர வைப்பில் போடுதல். ரேகை மூலம் வைப்புத் தொகையை எடுக்க இயலாது. (4) மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தில் வரவு செலவு பதிவித்துப் பார்த்தல்.

பணம் போய்விட்டால்.— இங்கே காலமே முக்கியம். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் பாங்கி பிறப்பித்த சுற்றறிக்கையில் கூறப்பட்டது யாதெனில், பாங்கியின் மீதும் வாடிக்கைக்காரர் மீதும் குற்றமில்லாமல் வேறிடத்தில் நிகழ்ந்த மோசடியைப் பற்றிய தகவல் பாங்கியிலிருந்து கிடைத்தபின் மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால், வாடிக்கைக்காரருக்கு நஷ்டம் சிறிதும் இல்லை என்பதாகும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் அறிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கு அவர் ஏற்கவேண்டிய நஷ்டம் ரூ. 10,000க்கு மேற்படாது, அடிப்படைச் சேமிப்புக் கணக்கானால் ரூ. 5,000க்கு மேற்படாது. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்தப் பாங்கியின் கொள்கைப்படியே முடிவாகும். குற்றம் வாடிக்கைக்காரருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் பாங்கியையே சார்ந்தது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவனவாதலால், நடப்பு விதியைக் கிளையில் கேட்டறிதல் நலம்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு குடியானவரின் கணக்கில் நெல் விற்ற பணம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமையன்று ரூ. 10,000 கழிந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது. செய்தி வந்த நாளை நீக்கி எண்ணவேண்டும். இடையில் விடுமுறை இல்லையெனில் வியாழக்கிழமைக்குள் அவர் பாங்கிக்கு அறிவித்தால் முழுத் தொகைக்கும் உரிமை கோரலாம். “அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று இரண்டு வாரம் விட்டுவிட்டால் அவ்வுரிமை போய்விடும். அதற்குள் மறுபடியும் பணம் கழிந்திருக்கவும் கூடும்.

மோசடி தெரிந்த உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி மூலம் புகார் செய்யவேண்டும். பாங்கியிலும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, புகார் எண்ணையும் தேதியையும் பெற்றுவைக்கவேண்டும். அன்றே ரேகையைப் பூட்டிவிடவேண்டும். 30 நாட்களுக்குள் பாங்கியிலிருந்து தக்க விடை வாராவிடில் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். தாமே ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ பிறருக்குக் கூறி இழந்த பணத்திற்கு இப்பாதுகாப்பு இவ்வளவு எளிதில் கிட்டாது. பாங்கிக்கு அறிவிக்கும்வரை நேர்ந்த நஷ்டம் அவரையே சேரும். கிசான் தவணை வரவில்லை என்று கூறி வாட்ஸ்அப் மூலம் அனுப்பப்படும் ஏ.பி.கே. கோப்புகளைக் கைப்பேசியில் ஏற்றினால், வரும் ஓ.டி.பி. அனைத்தும் மோசக்காரருக்குத் தெரிந்துவிடக்கூடும். சர்க்கார் தவணை பெறுவதற்கு அவ்வகைக் கோப்பு எதுவும் தேவையில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை.— பயிர் இன்சூரன்ஸ், வெள்ள நிவாரணம், மானியம் முதலியவற்றிற்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை அலுவலரிடமும் ஆதார் நகல்களும் பாஸ் புத்தக நகல்களும் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன. ஆதார் எண்ணைப் பொதுவிடத்தில் வெளியிடக்கூடாது என்பது 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு. ஆகவே பயனாளிகள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் அதில் இடம்பெறலாகாது. கடைசி நான்கு இலக்கம் மாத்திரம் தெரியும் ஆதார் நகலே போதுமான இடங்களில் அதனையே வாங்கவேண்டும். வேலை முடிந்த நகல்களைப் பொட்டலம் கட்டும் கடைக்குப் பழைய காகிதமாகப் போடாமல், விதிப்படி அழித்துவிடவேண்டும். நகல் எடுக்கும் கடையில் தவறி விழுந்த பிரதிகளை அங்கேயே விட்டுவருவதும் தவறு. பட்டியல்களைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழுக்களில் அனுப்புவது அதனினும் பெரிய தவறு.

குடியானவரும் தாம் நகல் கொடுக்கும்போது இன்ன காரியத்திற்கு, இன்ன தேதியில் கொடுத்தது என்று அதன் மேல் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுவது நல்ல பழக்கம். வீட்டில் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுபவர்கள், அப்பத்திரத்திலுள்ள ரேகையையும் ஆதாரில் பூட்டிவைப்பது அவசியம். அடுத்த அறுவடைப் பணம் கணக்கில் சேருமுன் ஒவ்வொரு குடும்பத்திலும் இதனைச் செய்துமுடிக்குமாறு கிராம சபைக் கூட்டங்களில் எடுத்துரைப்பது கிராம அதிகாரிகளின் கடமையாகும்.