எந்த நாகலாபுரம்?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். பூர்வீகம் ஊத்துக்கோட்டைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஊர்க் கதைகளைத் தொகுத்து வருகிறார். "கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த போர்த்துகீசியர்கள் நம்ம நாகலாபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்களாமே, சார்? அதையும் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு, நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து உட்கார்ந்தேன். அவருக்குச் சொன்ன பதில் மற்ற அன்பர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

நண்பர் சொல்லும் நாகலாபுரம், ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதி போகிற சாலையில் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர். அங்கே மச்சாவதாரக் கோலத்தில் நிற்கும் வேதநாராயணப் பெருமாளுக்குப் பெரிய கோயில் எழுப்பிய கிருஷ்ணதேவராயர், தம் தாயார் நாகலாதேவியின் பெயரை ஊருக்கு வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இனி அந்தப் போர்த்துகீசியர்கள். டொமிங்கோ பயஸ் 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்தவர். குதிரை வியாபாரியான பெர்னாவோ நூனிஸ் சுமார் பதினைந்து ஆண்டு கழித்து, அச்சுதராயர் காலத்தில் அங்கே இருந்தவர். இருவர் எழுதியதும் பாரிஸ் நூலகம் ஒன்றில் கையெழுத்துப் படியாகவே வெகுகாலம் கிடந்தது. 1897-இல்தான் டேவிட் லோப்பஸ் என்பவர் லிஸ்பனில் அச்சிட்டார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ராபர்ட் சுவெல் 1900-இல் ஆங்கிலத்தில் தந்தார்.

பயஸைப் படிப்பது தனி சுகம். அரசர் விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பாராம். உடம்பெல்லாம் அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, வியர்வையில் எண்ணெய் கழியும்வரை வாள் சுழற்றி, மல்யுத்தம் செய்து, பிறகு குதிரையேறிப் பாய்வாராம். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததையும் எழுதிவிட்டார். நம் அரசவைப் புலவர் எவரும் இதைப் பாடியிருப்பாரா?

நண்பர் கேட்ட ஊரும் புத்தகத்தில் வருகிறது. தலைநகருக்கு அருகே அரசர் புதிய நகரம் ஒன்றைக் கட்டினார், தாம் நேசித்த மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார் என்கிறார் பயஸ். நூனிஸ் அதை 'நாகலாப்பூர்' என்றே குறிப்பிடுகிறார். ஆனால் அது இன்றைய ஹொஸ்பேட்! ஹம்பிக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குகிறார்களே, அந்த ஊர். நம் நாகலாபுரத்துக்கும் அதற்கும் இடையே பல நாள் நடை தூரம்.

அந்த ஊருக்காக இரண்டு குன்றுகளுக்கு நடுவே கரை போட்டு ஓர் ஏரி வெட்டினார்கள். வேலை நடக்கும்போது பயஸ் நேரில் பார்த்தார். பதினைந்தாயிரம் இருபதாயிரம் பேர் எறும்புகளைப்போல மொய்த்ததில் தரையே தெரியவில்லை என்கிறார். ஜோவா த லா போந்தே என்ற போர்த்துகீசியக் கல்வேலைக்காரர் யோசனை சொன்னதாக எழுதுகிறார் நூனிஸ். கரை திரும்பத் திரும்ப உடையவே, மனிதரைப் பலி கொடுத்தார்கள் என்று இருவருமே எழுதுகிறார்கள். பயஸ் கணக்கில் அறுபது பேர், கூடவே குதிரை எருமைகளும். ஏரி நிரம்பியதும் அந்தப் பாசன நிலத்தை ஒன்பது ஆண்டுகளுக்கு வரியில்லாமல் குடிகளுக்கு விட்டார்கள். பிறகு வருமானம் 20,000 பர்தாவ் வந்தது. நம் வராகன்தான் அவர்கள் வாயில் பர்தாவ். குதிரை வியாபாரிக்குக் கணக்கு தப்புமா!

பெயர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். எறும்புக் கூட்டம் பயஸ் கண்ணால் கண்டது. ஊர்ப் பெயர் யாரோ சொல்லி, மொழி மாறிக் காதுக்கு வந்தது. திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் அரசரும் இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் திருமலாதேவி, சின்னாதேவி. நாகலா என்பது தாயார் பெயர். ஹொஸ்பேட்டுக்காரர்களும் தங்கள் ஊர் அரசரின் தாயார் பெயரில் எழுந்தது என்றே சொல்கிறார்கள். அரசர் காதலித்து மணந்த தேவிக்கு நாகலா என்று இன்னொரு பெயர் இருந்தது எனக் கொண்டு பயஸ் கூற்றைக் காப்பாற்றுவோரும் உண்டு. எனக்கென்னவோ தாயார் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: பயஸையும் நூனிஸையும் நம் ஊர்க் கணக்கில் எழுத வேண்டாம். எழுதினால் அந்த அறுபது தலைகளும் நம் கோயில் வாசலில் வந்து விழும். பிள்ளைகள் அதைத்தான் மறக்காமல் வைத்திருப்பார்கள். அந்நியர் சாட்சி வேண்டுமென்றால் கிழக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு இருக்கிறது. பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியதைத் துவார்த்தே பார்போசா 1516-ஐ ஒட்டி எழுதிவைத்திருக்கிறார்.

நண்பருக்குச் சற்று ஏமாற்றம்தான். "அப்போ நாகலாபுரத்துக்கு என்ன எழுதுவது?" என்றார். பங்குனியை ஒட்டி மூன்று நாள் மாலையில், மேற்கு நோக்கிய அந்தச் சந்நிதியில், சூரிய ஒளி வாசல்கள் அத்தனையும் தாண்டி உள்ளே வரும். முதல் நாள் பெருமாள் பாதத்தில், அடுத்த நாள் இடையில், மூன்றாம் நாள் முகத்தில் விழும். அதை எழுதச் சொன்னேன். ஊருக்குப் போகும்போது படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.