நம் வாசலுக்கு வரும் பூநாரைகள்

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்த்து வளர்ந்தவன். பிழைப்புக்காகச் செம்பூரில் குடியேறியபோது, இனி அவற்றைப் பார்ப்பதற்கில்லை என்றே நினைத்தேன். ஆனால் 1990-களில் அவையே நம் சிவ்ரிக் கரைக்குக் கூட்டமாக வரத் தொடங்கின!

சென்ற பிப்ரவரியில் பேரனுடன் ஹார்பர் ரயிலேறி சிவ்ரி சென்றேன். "தாத்தா, இதுக்கெல்லாம் யார் பெயின்ட் அடிச்சா?" என்றான்.

பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். சேற்றுநீரில் வளரும் பாசியிலுள்ள நிறப்பொருள் உடலில் சேரச் சேர, இறகுகள் சிவக்கின்றன. தலையைக் கவிழ்த்து, நாக்கைப் பம்பு போல இயக்கி, அலகுக்குள் நீரை இழுத்து வெளியேற்றும். பாசி மட்டும் உள்ளே தங்கிவிடும். நம் வீட்டுக் காபி ஃபில்டரைப் போன்ற வேலைதான்!

இங்கு வருபவை பெரிய பூநாரை, சிறு பூநாரை என இரு வகை. சிறு பூநாரை, அழிவு அபாயத்தை நெருங்கும் இனமாக உலகப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. குஜராத் பக்கமிருந்து நவம்பர் வாக்கில் வந்து, மழைக்காலத்துக்கு முன் திரும்பிவிடும்.

2015-ல் தாணே கடற்கழியில் சுமார் 17 சதுர கிலோமீட்டரை மகாராஷ்டிர அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. ஆனால் சிவ்ரியும் மாஹுலும் சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் வற்றும்போது சேற்றில் மேயும் இப்பறவைகள், ஏற்றத்தின்போது ஆழமில்லாத வேறு நீர்நிலைகளைத் தேடிப் பறக்க வேண்டும். நவி மும்பையின் குட்டைகள் அதற்குத்தான் உதவுகின்றன. அவற்றைத் தூர்த்துவிட்டால், சரணாலயம் இருந்தும் நிற்க இடமிராது. இரவிலும் அவை நகரின் மேல் பறப்பதுண்டு. 2024 மே 20 இரவு காட்கோபர் அருகே விமானம் மோதி 30-க்கும் மேற்பட்ட பூநாரைகள் மாண்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம்மால் என்ன செய்ய முடியும்? பூஜை முடிந்த மாலைகளைப் பிளாஸ்டிக் பையோடு கழியில் எறியும் பழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்தலாம். அலையாத்திக் காட்டில் மண் கொட்டுவதைக் கண்டால் வனத்துறைக்குப் புகார் தரலாம்.

ஏற்ற நேரத்தைப் பஞ்சாங்கம் போலப் பார்த்துக்கொண்டு, அதற்கு இரண்டு மணி முன்னதாகச் செல்லுங்கள். பறவைகள் கரையோரம் வரும். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். பார்த்துப் பழகியதைத்தான் அவர்கள் நாளைக்குக் காப்பாற்றுவார்கள்.