சாவு வீட்டுப் பறை மேடை ஏறியது!

கள்ளக்குறிச்சி கருணாபுரமானாலும் சரி, சென்னை வியாசர்பாடியானாலும் சரி, ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் பறையோசை கேட்கும். வடசென்னையில் அதோடு கானாப் பாட்டும் சேர்ந்துகொள்ளும்.

இரவெல்லாம் கண் விழித்துப் பாடுவார்கள். மாண்டவரின் பெருமையைச் சொல்வார்கள். வாழ்வின் நிலையாமையைச் சொல்வார்கள். அழுதவர்களைச் சற்றே சிரிக்கவும் வைப்பார்கள். பொழுது விடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு கலைந்து போவார்கள். சபாக்களின் கதவு அவர்களுக்குத் திறந்தது மிக அபூர்வம்.

அந்தப் பாட்டும் பறையும் 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மேடை ஏறின. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து கேட்டனர். பாடியது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு.

பெயர் வந்த கதை

'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' படங்களின் டைரக்டர் பா. இரஞ்சித்தும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு இது. மொத்தம் 19 பேர். 'சாதியற்றவர்களின் கூட்டு' என்பது பெயரின் பொருள். 'சாதியில்லாத் தமிழர்' என்று அன்றே முழங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. 1907 முதல் 1914 வரை 'தமிழன்' வார இதழை நடத்தியவர் பண்டிதர்.

யார் யார்?

கானாவுக்கு இசைவாணி, முத்து, பாலசந்தர், தரணி, செல்லமுத்து. அடுக்குமொழியில் பொரிந்து தள்ளும் 'ராப்' பாட்டுக்கு அரக்கோணத்து இளைஞர் அறிவு. பறைக்கு நந்தன், கட்ட மோளத்துக்குக் கௌதம், சட்டிக்குச் சரத். இவர்களோடு மேனாட்டு வாத்தியங்களும் உண்டு. கிடார் சாகிப் சிங். டிரம்ஸ் மனு கிருஷ்ணன்.

தொடக்கத்தில் குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணிதான். ஆண்களே பாடிவந்த கானாவில் துணிந்து நுழைந்தவர் அவர். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது. அறிவின் புகழோ, 2021-இல் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டினால் கடல் கடந்தது.

மேடையில் எல்லோரும் கோட்டும் சூட்டுமாக நின்றார்கள். பறை அடிப்பவரின் உடையும் கிடார் வாசிப்பவரின் உடையும் ஒன்றே! இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி என்று பலர் பேசக் கூசும் செய்திகளையெல்லாம் பாட்டாக்கினார்கள்.

பறைக்கும் 'ராக்' இசைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. 1950-களில் அமெரிக்காவை ஆட்டிவைத்த ராக் இசைக்கு வேர், கறுப்பின மக்களின் 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டுத்தான். ஒதுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு அங்கே கிடாரில் ஏறியது. இங்கே பறையில் ஏறியிருக்கிறது.

குழுவின் முதல் இசைத்தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'மகிழ்ச்சி'. ஒப்பாரிக்கு நடுவே வளர்ந்த கலைக்கு எத்தனை பொருத்தமான பெயர்!

மேடையில் பறை ஒலித்தால் இன்று கைதட்டுகிறோம். தெருக்கோடிச் சாவு வீட்டில் அதையே அடிப்பவரை உள்ளே அழைத்து, அமரச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீர் தருகிறோமா? அன்றுதான் அந்த மகிழ்ச்சி முழுமை பெறும்.