சக்கர நாற்காலிச் சங்கம்

பிள்ளை வெளியூரில் படிக்கப் போகிறான் என்றால் தாயார் பெட்டி படுக்கை கட்டுவாள். அமெரிக்காவில் ஸோனா ராபர்ட்ஸ் என்ற அம்மாளோ, மூத்த மகனோடு 800 ராத்தல் எடையுள்ள இயந்திரம் ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது!

மகன் எட் ராபர்ட்ஸுக்கு 14 வயதில், 1953-ல், இளம்பிள்ளை வாதம் கண்டது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்டன. இரவில் மூச்சு விட 'இரும்பு நுரையீரல்' என்ற அந்த இயந்திரத்துக்குள் படுத்தாக வேண்டும். தேகப்பயிற்சி செய்யவில்லை, மோட்டார் ஓட்டப் பழகவில்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தார் தேர்ச்சிப் பத்திரம் தர மறுத்தார்கள். அம்மாள் மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தார்.

1962-ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை. இவரால் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது, படிக்கப் பணம் எதற்கு என்றது ராஜ்யத்தின் மறுவாழ்வு இலாகா. பத்திரிகைகளில் விஷயம் வந்த பிறகுதான் இறங்கி வந்தது. (13 வருஷம் கழித்து அதே இலாகாவுக்கு எட் தலைவரானார்!) விடுதியில் இயந்திரம் வைக்க வசதியில்லை, மாணவர் ஆஸ்பத்திரியில் ஓர் அறை ஒதுக்கினார்கள்.

அவரைப் பார்த்து, அவரைப் போன்ற சிலரும் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி மாடியில் இரவு அரட்டை நடக்கும். அந்த அரட்டையே சங்கமாயிற்று. பெயர் 'ரோலிங் க்வாட்ஸ்'. கைகால் முடங்கியோரைக் குறிக்கும் வைத்தியச் சொல்லை நறுக்கி, முன்னால் 'உருளும்' என்று சேர்த்துக் கொண்டார்கள். குறும்புக்காரர்கள்தான்!

குறும்போடு நிற்கவில்லை. 1969-ல் இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர், படிப்பு போதாது என்று இரண்டு மாணவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஆஸ்பத்திரியை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் ஏது? சங்கத்தார் ஒன்றாக எதிர்த்து நின்றார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போயிற்று. மாற்றலாகிப் போனவர் உத்தியோகஸ்தர்தான்.

இதற்கிடையே எட்டுக்குக் காதல் வந்துவிட்டது. காதலியோடு உலாவப் போகையில் நாற்காலியைத் தள்ள மூன்றாம் ஆள் கூடவே வந்தால் நன்றாகவா இருக்கும்? அந்த இரண்டு விரல்களாலேயே மின்சார நாற்காலியை ஓட்டக் கற்றுக்கொண்டார்!

1970-ல் அரசாங்கப் பணத்தில் சர்வகலாசாலையிலேயே இவர்களுக்கென ஓர் அலுவலகம் பிறந்தது. உதவியாள் தேடுவது, வீடு பார்ப்பது, நாற்காலி ரிப்பேர் எல்லாம் அங்கே. தேவை இன்னதென்று அனுபவித்து அறிந்தவர்களே பொறுப்பிலும் இருந்தார்கள். மாணவரல்லாத ஊர்க்காரர்களும் உதவி கேட்டு வரவே, 1972-ல் அவர்களுக்காகப் பெர்க்லி நகரில் தனி நிலையமே திறக்க வேண்டி வந்தது.