உஷார்! அம்பாசடருக்கு அலுமினியச் சேம்பர் போடப் போகிறீர்களா?

கும்பகோணம் பக்கம் இன்னும் பழைய அம்பாசடர் வைத்து ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். “இரும்புச் சேம்பரைத் தூக்கிப் போடுங்க சார், அலுமினியம் போட்டா ஒழுகவே ஒழுகாது, இன்ஜினும் சூடாகாது” என்று யார் சொன்னாலும் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். ஒழுகுவது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தாங்கும் ஆயில் சேம்பர்தானா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் அது சேம்பரே இல்லை.

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்தின் பிஎம்சி வடிவமைத்த பி-சீரிஸ் ரகம். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுக் காடி, வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். தடுப்பு அவ்வளவுதான். மெயின் பேரிங் தேய்ந்தாலோ, பிரீதர் குழாய் அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலோ, எண்ணெய் அந்த வழியாகக் கசிந்து கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும். கீழே படுத்துப் பார்த்தால் சேம்பரின் பின்விளிம்பு ஒழுகுவதுபோலவே தெரியும். இந்த ஒழுகல் தங்கத்தில் சேம்பர் செய்து மாட்டினாலும் நிற்காது. பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

அடுத்தது கார்க் பேக்கிங். ஒழுகுகிறதே என்று போல்ட்டை முறுக்க முறுக்க, துளையைச் சுற்றித் தகடு மேலே இழுபட்டு, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் சந்து விழும். மறுபடி முறுக்கினால் சந்து இன்னும் பெரிதாகும். சேம்பரைக் கழற்றி, விளிம்பைச் சமமான இரும்புக் கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கிப் புதுப் பேக்கிங் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலிகான் பசையைப் பட்டை பட்டையாக அப்ப விடாதீர்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து விழுந்து ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். அப்புறம் பேரிங்குக்கு எண்ணெய் ஏது?

சூடு விஷயத்தில் சொல்லப்படுவது பாதி உண்மை. அலுமினியம் இரும்புத் தகட்டைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும், மறுக்கவில்லை. ஆனால் சேம்பர் தகடு மெல்லியது. அதைக் கடப்பதில் வெப்பத்துக்குச் சிரமமே இல்லை. தகட்டிலிருந்து காற்றுக்குப் போவதுதான் மெதுவாக நடக்கும், அதை உலோகம் மாற்றாது. அலுமினியச் சேம்பரில் விசிறிபோல வரிவரியாகத் தகடு வைத்திருப்பார்கள். டெல்டா வண்டல் சேறு அந்த வரிகளில் புகுந்து காய்ந்தால் அதுவே போர்வை. வண்டி சூடேறினால் ரேடியேட்டரைப் பாருங்கள்.

உண்மையான பயம் நம் சாலைதான். திருப்புறம்பியம், பந்தநல்லூர் என்று உள்ளே போகும் பாதைகளில் டிராக்டர் தடத்துக்கு நடுவே மண்திட்டு நிமிர்ந்து நிற்கும். தை, மாசி சம்பா அறுவடையில் சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அடியில் கல் கிடந்தால் தெரியாது. இரும்புத் தகடு அடிபட்டால் நசுங்கும். அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். விரிசல் விழுந்தால் மொத்த எண்ணெயும் சில நிமிடங்களில் தரையில். எண்ணெய் ஊறிய வார்ப்பலுமினியத்தை ஒட்டவைப்பது ஆர்கான் வெல்டிங் வைத்திருப்பவருக்கே சவால். தகட்டுச் சேம்பரைக் கிராமத்துக் கேஸ் வெல்டிங் பட்டறையிலேயே தட்டி அடைத்துவிடலாம். டிரெயின் போல்ட் மரையும் அப்படித்தான்: நீளமான ஸ்பேனரால் ஒரு தரம் கூடுதலாக இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு நீளும். அரை மீட்டர் விளிம்பு 70 டிகிரி சூடேறினால், இரண்டுக்கும் இடையே சுமார் 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு ஓட்டத்திலும் பேக்கிங் இப்படித் தேய்ந்துகொண்டே இருக்கும். புதிய கார்களில் அலுமினியம் வருகிறதே என்றால், அவற்றில் இன்ஜினே அதற்கென்று வடிவமைக்கப்பட்டது.

நம் பக்கம் வார்ப்புக்குப் பேர்போனது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் சுவாமிமலைச் சிலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பழைய பிஸ்டனை உருக்கி ஒரு சேம்பர் வார்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சும்; உறையும்போது அது ஊசித்துளைகளாக நின்றுவிடும். கண்ணுக்குப் பளபளவென்றிருக்கும், சூடான எண்ணெய் அந்தத் துளைகளில் வியர்க்கும்.

அம்பாசடர் தயாரித்த உத்தரபாரா ஆலை 2014 மே மாதமே நின்றுவிட்டது. இனி காயலான் கடைச் சேம்பர்தான் என்றால் பார்த்து வாங்குங்கள். 1990களில் வந்த 1800 இசுசு இன்ஜினின் சேம்பர் இந்த 1489 சிசி இன்ஜினுக்குப் பொருந்தாது. விளிம்பைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்துச் சந்து பாருங்கள். வெளியே சுண்ணாம்புப் பொடி தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். ஊசித்துளை இருந்தால் பொடி நனைந்து காட்டிக் கொடுக்கும். மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டியின் சேம்பரில் தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்து துருவேறியிருக்கும், தடவிப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இரும்புதானே என்று அலட்சியமும் கூடாது. ஸ்ட்ரெய்னர் சேம்பர் தரைக்குச் சற்று மேலேதான் தொங்குகிறது. நசுங்கிய தகடு அதன் வாயை அடைத்தால், சேம்பர் நிறைய எண்ணெய் இருந்தும் பம்புக்கு வராது. அடியில் ‘டங்’கென்று சத்தம் கேட்டால் அங்கேயே இன்ஜினை அணையுங்கள். இறங்கிக் குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றாலும், மறுபடி கிளப்பிய சில வினாடிகளில் எண்ணெய் அழுத்தம் வரவில்லையென்றால் பட்டறைவரை மெல்ல ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். கயிறு கட்டி இழுத்து வாருங்கள்.